அம்மா உருக்கிய தேன்

கிருமி வளர்ப்பது என் தொழில். பரிசோதனைக் கூடத்தில் அதற்குச் சம்பளம் தருகிறார்கள். என் தம்பி வளர்ப்பது தேனீ. வங்கி வேலையை உதறிவிட்டு மொட்டை மாடியில் பெட்டிகளை வைத்தவனுக்கு வீட்டில் பூச்சி என்றே பெயராகிவிட்டது. அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தத் தேனைக் கையால்கூடத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஆறாத புண்களுக்குத் தேன் வைத்து ஆய்வு செய்யும் ஒரு டாக்டர், கிருமியைத் தடுக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தால் பூச்சியின் தேனையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். பூச்சி அதில்தான் உயிரையே வைத்திருந்தான். இதுவும் கைகூடாவிட்டால் பெட்டிகளை விற்றுவிட்டுப் பழைய வேலைக்கே போய்விடுவதாகத் தன் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தார்.

அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் அவன் எனக்காக வைத்துவிட்டுப் போயிருந்த பாட்டிலை எடுத்து வந்தேன். பளபளவென்று கண்ணைப் பறித்தது. தேனில் ஒரு நொதி இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் அது வேலையைத் தொடங்கி, கிருமியைக் கொல்லும் ஒரு பொருளை உண்டாக்கும். அதனால் தேனில் தண்ணீர் கலந்து, கிருமி தடவிய தட்டில் உறைந்திருந்த கூழில் சிறு குழி வெட்டி ஊற்றினேன். தேன் வேலை செய்தால் மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் தெரியும்.

மறுநாள் வளையமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. குழியின் விளிம்பு வரை கிருமிகள் கும்மாளம் போட்டிருந்தன. போனில் சொன்னேன். "சரிக்கா" என்றான் பூச்சி. வேறு ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

விடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதன் நடுவில் ஒரு தேன் பாட்டில் நின்றது. என்னைப் பார்த்ததும் அம்மா திருட்டு முழி முழித்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போற பொருள் கட்டி கட்டியா இருந்தா நம்ம பிள்ளைய என்ன நினைப்பாங்க? போன தடவை சரியா உருகலை போல, அதான் கிருமி சாகலை. இந்தத் தடவை நல்லா கொதிக்க விட்டிருக்கேன். இதைக் கொண்டு போய்ப் பாரு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. தேன் உறைவது இயல்புதான், கொதிக்க வைத்தால் நொதி அழிந்துபோகும், பிறகு இனிப்புதான் மிஞ்சும் என்று பொறுமையாகச் சொன்னேன். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. அவளே மாடியேறி, உறைந்து கல்லாக இருந்த ஒரு பாட்டிலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

அடுத்த தட்டில் வளையம் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். கிருமித் தட்டை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால் பூச்சியைக் கூடத்துக்கே வரச்சொன்னேன். கூடவே அம்மாவும் வந்தாள்.

தட்டில் கிருமியைத் தடுத்ததாலேயே புண்ணும் ஆறிவிடும் என்று அர்த்தமில்லை, அதை டாக்டர்தான் பார்க்கவேண்டும் என்று கறாராகச் சொன்னேன். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே பெட்டி வாங்க இருந்தவருக்குப் போன் போட்டான். "மன்னிச்சுக்கங்கண்ணே, பெட்டி விக்கிறதா இல்லை" என்றான்.

அதுவரை கதவோரம் நின்ற அம்மா கிட்டே வந்தாள்.

"முதல் பாட்டிலைக் கெடுத்தது நான்தான்டா. நீ இல்லாதப்ப உருக்கி வச்சேன்."

பூச்சிக்குக் கோபம் வரும் என்று நான் நடுவில் போய் நின்றேன். அவன் என்னைத் தாண்டி அம்மாவையே பார்த்தான்.

"தொடவே மாட்டேன்னு சொன்னியேம்மா."

"நீ வாடுறதைப் பாத்துக்கிட்டு எத்தனை நாள்டா தொடாம இருக்கிறது?"

என் பரிசோதனைக் கூடத்தில், அத்தனை பேர் பார்க்க, பூச்சி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.