விடுமுறையில் நூலகம் திறந்திருக்கும்

எதையும் அனுப்பிய பிறகுதான் படித்துப் பார்ப்பேன். பிறவிக் குணம். கல்யாண விஷயத்திலும் அப்படித்தான், சம்மதம் என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் யோசித்தேன். அது நல்லபடியாக அமைந்துவிட்டதால் பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. இல்லாவிட்டால் அன்றைக்கு, எங்கள் பள்ளியின் குடும்பச் செய்திமடலை, அதுவும் குளிர்கால விடுமுறை இதழை, தலைமையாசிரியை ஒருவருக்கு மட்டும் அனுப்புவதற்குப் பதிலாகப் பள்ளியில் உள்ள அத்தனை குடும்பங்களுக்கும் அனுப்பிவிட்டு, டீயை ஒரு வாய் உறிஞ்சி, ஆகா என்று நாற்காலியில் சாய்ந்திருக்க மாட்டேன்.

நான் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ், காய்ச்சல் வந்த பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்வது எல்லாம் என் தலையில். செய்திமடலும் என் தலையில்தான். அதனாலேயே ஆசிரியர்கள் என்னை 'மடல்' என்றே கூப்பிடுகிறார்கள். தொலைந்த கையுறைகள், தொலையாமல் தொல்லை கொடுக்கும் இருமல், ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவர்கள், பேன் பார்க்கச் சொல்லிப் பெற்றோருக்குப் பணிவான வேண்டுகோள் என்று பக்கம் நிறைந்துவிடும். தலைமையாசிரியை எழுதித் தரவேண்டிய பகுதி மட்டும் எப்போதும் கடைசி நிமிடத்தில் வரும். அதுவரை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கீழே இருப்பதெல்லாம் மேலே ஏறி, பக்கம் அலங்கோலமாகிவிடும். எனவே மனதில் தோன்றியதை எழுதி நிரப்பி வைப்பேன். அவர் தாளில் அச்செடுத்துப் படித்து, என் உளறலைப் பச்சை மையால் அடித்துவிட்டுத் தன் வரிகளை எழுதுவார். எங்களுக்குள் இது ஒரு மாதிரியான உரையாடல். நேரில் பேசிக்கொள்வதைவிட அதில்தான் அதிகம் பேசியிருக்கிறோம். ஒருமுறை 'இவ்விடத்தில் மேடம் ஏதாவது சொல்லுவார்' என்று எழுதி வைத்தேன். அடித்துவிட்டுப் பக்கத்தில் 'சொல்லுவேன்' என்று எழுதியிருந்தார்.

இந்த முறை நான் நிரப்பியிருந்தது இது:

'விடுமுறை நாள்களில் நம் பள்ளி நூலகம் காலை முதல் மாலைவரை திறந்திருக்கும். வேலைக்குச் செல்லும் பெற்றோர் பிள்ளைகளைத் தயங்காமல் விட்டுச் செல்லலாம். ஹீட்டர் ஓடும். பிள்ளைகளை அலுவலக எழுத்தர் பார்த்துக்கொள்வார். அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.' கீழே தலைமையாசிரியையின் பெயர்.

வழக்கமாக அந்தக் கட்டத்தில் வருவது வேறு. விடுமுறையில் வளாகம் முழுமையாக மூடப்பட்டிருக்கும், பிள்ளைகளின் பாதுகாப்பு பெற்றோரின் பொறுப்பு. ஆண்டுதோறும் அதே இரண்டு வரிகள். ஆண்டுதோறும் நானும் அவரிடம் போய் நிற்பேன். அலுவலகம் எப்படியும் திறந்துதானே இருக்கிறது, நான் எப்படியும் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டுதானே இருக்கிறேன், எதிரே இருக்கும் நூலகத்தைத் திறந்து வைத்தால் என்ன மேடம்? அவர் "பார்க்கலாம்" என்பார். அவருடைய பார்க்கலாமில் பல வகை உண்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னால் நாளைக்கு வா என்று பொருள். கழற்றிவிட்டுச் சொன்னால் அடுத்த ஆண்டு வா. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னால் இந்தப் பக்கமே வராதே. ரொம்பவும் நெருக்கினால், "மேல கேட்டுச் சொல்றேன்." அந்த மேலே இருப்பவர் யாரென்று இத்தனை காலத்தில் எனக்குத் தெரிந்ததில்லை. அவர் அறைக்கு மேலே இருப்பது தண்ணீர்த் தொட்டி.

டீ ஆறுவதற்குள் பதில்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஒரு தகப்பனார், வீட்டில் சும்மா கிடக்கும் கேரம் பலகையைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டிருந்தார். ஓர் அம்மா கைகூப்பும் பொம்மைகளாக வரிசையாக அனுப்பியிருந்தார். அப்போதுதான் மடல் யார் யாருக்குப் போயிருக்கிறது என்று பார்த்தேன். அதற்குள் தலைமையாசிரியையின் உள்ளறையிலிருந்து மணி அடித்தது. அவருக்கும் ஒரு பேத்தி எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள், குடும்பம் என்ற வகையில் அவருக்கும் மடல் போயிருந்தது.

"இது என்ன?" என்று திரையைக் காட்டினார்.

"மடல், மேடம்."

"அது தெரியுது. திருத்தம் போடுங்க. இன்னைக்கே."

"என்னன்னு போடறது மேடம்?"

"தவறுதலா வந்துட்டதுன்னு போடுங்க."

"அனுப்பினதுதான் தவறுதலா. எழுதினது தவறுதலா இல்லையே."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் இருக்கைக்குத் திரும்பிவிட்டேன்.

திருத்தம் எழுதுவது எளிதென்றுதான் நினைத்தேன். 'அன்பான பெற்றோரே, நூலகம் திறந்திருக்கும் என்ற செய்தியில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது: திறந்திருக்காது.' படித்துப் பார்த்தேன். எழுதியவனை அடிக்கலாம்போல் இருந்தது. 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று ஆரம்பித்தேன். அந்தக் கோளாறு தொப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை எப்படி விளக்குவது? மூன்றாவது முயற்சியில் இருந்தபோது கதவைத் தட்டாமல் ஒரு பெண் உள்ளே வந்தார். பேருந்து ஓட்டுநரின் சீருடை, கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு, கையில் கழற்றிய ஓட்டுநர் கையுறை. இரண்டாம் வகுப்பு இரட்டைப் பெண்களின் அம்மா.

"அண்ணா, மடல் போடறது நீங்கதானே?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு அன்றைக்குத் துணிவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"லைப்ரரி தொறந்திருக்கும்னு போட்டிருக்கே. நிஜமா? இல்ல, உள்ள வந்தா ஏதாவது கண்டிஷன் சொல்லுவீங்களா?"

"உக்காருங்கம்மா."

"உக்கார நேரமில்ல, வண்டி ஓரமா நிக்குது. போன லீவுக்கு ரெண்டு பேரையும் என் வண்டியிலயே பின் சீட்ல உக்கார வெச்சு ஓட்டினேன். விடிஞ்சா ஏறுவாங்க, இருட்டினா இறங்குவாங்க. இந்த ஊரையே எத்தனை தடவை சுத்தினாங்களோ, ஒரு இடத்துக்கும் போய்ச் சேரல பாவம். வழக்கமா ஏறுறவங்கள்லாம் ஒருத்திக்கு ஜன்னல் சீட்டு, இன்னொருத்திக்கு ஓர சீட்டுன்னு பேரே வெச்சுட்டாங்க. இப்ப டிப்போல நோட்டீஸ் ஒட்டிட்டான், ஓட்டறவங்க பிள்ளைங்க வண்டியில வரக்கூடாதுன்னு. இந்த லீவுல நான் டூட்டிக்கு வரலைன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. அப்புறம் என்னைத் திரும்ப எடுக்கறது அவங்க இஷ்டம். வீட்ல பூட்டி வெச்சுட்டுப் போக மனசு வரல. வர முடியாதுன்னு சொல்லத்தான் காலையில டிப்போவுக்குப் போனேன். அங்க நிக்கறப்ப உங்க மடல் வந்துச்சு. வரேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

பேசும்போது அவர் கண் என் முகத்தை விட்டு நகரவே இல்லை. சாலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். குறுக்கே எது வரும் என்று தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்கிற பார்வை. எனக்கு முன்னால் திரையில் 'திறந்திருக்காது' என்ற சொல் பாதியில் நின்றது. இந்த இடத்தில் பார்க்கலாம் என்று சொல்லிவிடலாம். இத்தனை காலம் அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்ததில் அந்தக் கலை எனக்கும் கொஞ்சம் தொற்றியிருந்தது. கண்ணாடிகூட இருக்கிறது, துடைக்கலாம்.

"நிஜம்தாம்மா," என்றேன்.

"கண்டிஷன்?"

"நான் கதை சொல்லுவேன்."

"அது அவங்க தலையெழுத்து," என்று கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வெளியே ஹாரன் ஒருமுறை அடித்தது. நன்றியா, ஓரமாக நின்ற காரைத் திட்டினாரா, தெரியவில்லை.

திருத்தத்தை அழித்தேன். அழித்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, மணி அடிக்காமலேயே உள்ளறைக்குள் போனேன்.

"மேடம், திருத்தம் போட மாட்டேன்."

"முடியலையா, மாட்டீங்களா?"

"மாட்டேன். முடியறதுக்கு முயற்சி பண்ணிப் பாத்தேன், வரல."

"யாரைக் கேட்டு இப்படி ஒரு முடிவு?"

"உங்களைத்தான். கீழ உங்க பேர் இருக்கு. குடும்பமெல்லாம் நீங்க சொன்னதாத்தான் நம்பறாங்க. நீங்க இல்லேன்னு சொல்லணும்னா நீங்களே எழுதி, நீங்களே அனுப்புங்க. நான் கத்துத் தரேன், ஒரு பட்டன்தான். எனக்கே சுலபமா வந்துடுச்சு."

அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார். கடைசியில், "மேல கேட்டுச் சொல்றேன்," என்றார். பள்ளி விடுமுறை விடும்வரை ஒன்றும் சொல்லவில்லை. திருத்தமும் போகவில்லை.

வீட்டில் சொன்னபோது என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். நாள் முழுக்க வாயைத் திறக்கச் சொல்லியே பழகியதால் வீட்டில் என்னை மூடச் சொல்வது அவளுக்கு ஓய்வு.

"வேலை போயிடுமா?"

"போகலாம்."

"போனா?"

"உங்க க்ளினிக்ல பல்லு பிடுங்க ஆள் வேணுமான்னு கேளு."

"மொதல்ல உங்க மேடம் உங்க பல்லைப் பிடுங்கட்டும். மிச்சம் இருந்தா கேக்கறேன்." மிச்ச வெங்காயத்தையும் நறுக்கித் தள்ளினாள். பிறகு, "அந்த லைப்ரரி தரை சிமெண்டுதானே? பிள்ளைங்க கீழ உக்காந்தா சில்லுன்னு ஏறும். பழைய ஜமுக்காளத்தை எடுத்துட்டுப் போங்க," என்றாள். அழுதிருக்கிறாளோ என்று பார்த்தேன். வெங்காயம் என்றாள்.

விடுமுறையின் முதல் காலை. மூடுபனி மைதானத்தின் பாதியைத் தின்றிருந்தது. நூலகத்தைத் திறந்து ஹீட்டரை ஓடவிட்டேன். அது முதலில் கருகிய வாசனையை அனுப்பியது, பிறகு மனமிரங்கிச் சூட்டையும் அனுப்பியது. ஜமுக்காளத்தை விரித்தேன். யாரும் வராவிட்டால் எவ்வளவு அசிங்கம் என்று தோன்றியது, வந்தால் எவ்வளவு ஆபத்து என்றும் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நிறுத்தமே இல்லாத எங்கள் வாசலில் ஒரு பேருந்து வந்து நின்றது. கதவு மடிந்து திறக்க, இரண்டு குல்லாய்கள் குதித்து இறங்கின. சன்னலோரப் பயணிகள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் கட்டைவிரலை உயர்த்தினேன். பேருந்து போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கேரம் பலகை வந்தது, அதற்குப் பின்னால் அதைவிடக் குட்டையான அதன் சொந்தக்காரன். இன்னும் சிலர் வந்தார்கள். ஓர் அம்மா கதவுவரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், எங்கே கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்பதுபோல் பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டு ஓடினாள்.

நான் கதை சொல்ல ஆரம்பித்து, பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள ஆரம்பித்த நேரத்தில் கதவு திறந்தது. தலைமையாசிரியை. கனமான மேலங்கி, கையில் பச்சைப் பேனாகூட இல்லை. விடுமுறையில் அவர் பள்ளிக்கு வந்து நான் பார்த்ததில்லை. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. வாசற்படியில் நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். எண்ணுவதுபோல் இருந்தது, ஆனால் எண்ணவில்லை. ஜமுக்காளத்தின் ஓரம் சுருண்டிருந்ததை, ஹீட்டரின் வயர் போன வழியை, மேல்தட்டில் சாய்ந்து நின்ற கனமான அகராதியை எல்லாம் பார்த்தார். பார்வை ஒவ்வொன்றிலும் தட்டித் தட்டி நின்றது.

நான் எழுந்தேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதனால் நானே கேட்டேன்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. வருஷா வருஷம் மூடணும்னு சொல்றது யாரு? அவங்ககிட்ட நானே பேசிக்கறேன். நம்பர் மட்டும் குடுங்க."

"மேடம், கதவைச் சாத்துங்க," என்றாள் இரட்டையரில் ஒருத்தி, கேரம் காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "குளிரு உள்ள வருது."

தலைமையாசிரியை கைப்பிடியைப் பிடித்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து வெளுத்திருந்தது. அவர் அதைக் கழற்றவில்லை, துடைக்கவும் இல்லை.

"யாரும் சொல்லல," என்றார். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. "நான் யாரையும் கேட்டதே இல்ல. நான்தான் மூடினேன். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல. பயம். அவ்வளவுதான்."

அவருடைய ஒரு காலணி படிக்கு உள்ளேயும் ஒன்று வெளியேயும் இருந்தது. பனி அவர் தோளைச் சுற்றிக்கொண்டு மெல்ல அறைக்குள் நுழைந்தது. தரையில் விரித்துக் கிடந்த ஒரு படப் புத்தகத்தின் பக்கங்கள் தாமாகவே புரண்டன. பிள்ளைகள் எல்லோரும் இப்போது தலையைத் தூக்கி, கதவைப் பிடித்திருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.