குளத்துக்குள் ஒரு டப்பா

"டப்பா கிடைச்சா பேசுறேன். இல்லேன்னா பெங்களூருக்குப் பஸ் ஏறிரு" என்று இஃப்பத் செல்போனில் செய்தி அனுப்பியிருந்தாள். அவளுடைய நிக்காஹ்வுக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் தேவதர்ஷினி வரவில்லை. கல்லூரித் தோழிகள் இருவருக்கும் ஒன்பது மாதமாகப் பேச்சில்லை.

2003இல் இருவரும் சேர்ந்து ஊர்க் குளத்தில் ஒளித்து வைத்த டப்பா அது. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இன்டர்நெட்டில் போட்டிருந்தார்கள். ஜிபிஎஸ் கருவியோடு யாராவது தேடி வந்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுதிவிட்டுத் திரும்ப அங்கேயே வைக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. இரண்டு வருடமாக ஒருவரும் வரவில்லை.

இந்த ஐப்பசியில் மழைதான் வந்தது.

கரையில் இஃப்பத் குடையோடு நின்றாள். தர்ஷினி கருவியைப் பார்த்தாள்.

"நூத்தி அறுபது மீட்டர் காட்டுது."

"எங்கிட்டு?"

"நேரா."

நேரே தண்ணீர். அதில் நீர்க்காகங்கள் முங்கி எழுந்தன.

"நடுக்குளத்துலயாடி வச்சோம்?"

"நீதான் சொன்ன, கருவேல மரத்தடியில வச்சா எவன் கண்ணுலயும் படாதுன்னு."

"இது குளம்னு நீயாச்சும் சொல்லக் கூடாதா?"

"போர்டுலதான் குளம். நாம பாத்தது கிரிக்கெட்டு கிரவுண்டுல்ல?"

பக்கத்தில் மீன்வலையை உதறிக்கொண்டிருந்த மூக்கையா சிரித்துவிட்டார்.

"ஏத்தா, குளத்துக்குள்ள வச்சுட்டுக் கரையில நின்னா தேடுறீக?"

"எப்பண்ணே வத்தும்?" என்றாள் தர்ஷினி.

"வாயக் கழுவு ஆத்தா! நாலு வருசங்கழிச்சு இப்பத்தான் நெறைஞ்சிருக்கு. வத்துறதப் பத்திக் கேக்குது பாரு!"

தர்ஷினி கருவியை அணைத்தாள். "டப்பா கிடைக்கல. நான் கிளம்பவா?"

இஃப்பத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொத வரிசையில உனக்குன்னு ஒரு சேர் போட்டு வச்சிருந்தேன். மாமியைக்கூட உக்கார விடல. கடைசி வரைக்கும் காலியாக் கிடந்துச்சு."

"லீவு கேட்டேன்டி. போனா திரும்பி வர வேணாம்னுட்டாங்க. பயந்துட்டேன். உங்கிட்டச் சொல்ல வெக்கம். வேலைதான் பெருசாப் போச்சான்னு வைவ."

"வைதிருப்பேன். வைய விட்டிருக்கலாமுல்ல? ஒம்பது மாசமா அடக்கி வச்சு எனக்குத்தான் நெஞ்சு வலி."

"இப்ப வை."

"இப்பச் சிரிப்பு வருது, போ."

இஃப்பத் பையிலிருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்தாள்.

"இதுல நோட்டு வைப்போம். கரை மேல, குளம் நெறைஞ்சு வழிஞ்சாலும் நனையாத எடமாப் பாரு."

"உள்ள என்னமோ இருக்கே?"

"முறுக்கு. உனக்குன்னுதான் சுட்டேன். தின்னு காலி பண்ணு மொதல்ல. ஏழு இருக்கு. தண்டனையா உனக்கு அஞ்சு. தப்பு உம்மேலதானே?"