வாலுக்கு முன்னால் ஒரு துடுப்பு

தயவுசெய்து எதையும் கேட்காதே. மீனை வைத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விடு. இன்றைக்கு என்னால் முடியாது.

இங்கேலா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டறைக் கதவைத் திறந்து தம்பியை உள்ளே விட்டாள். ரோலண்டின் தோளில் ஈரத்துண்டு சுற்றிய நீளமான பொதி. கையில் பேக்கரிப் பை. ஏலக்காய் பன் வாசனை. பன் வாங்கி வந்தால் அவன் ஏதோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம். சும்மா வருகிற நாட்களில் அவள் வீட்டில் இருப்பதைத் தின்றுவிட்டுப் போவதுதான் வழக்கம்.

"என்ன, மூஞ்சி செத்த மீன் மாதிரி இருக்கு?" என்றான்.

"அதுங்களோடதானே நாள் பூரா கெடக்கேன். ஒட்டிக்கிச்சு போல."

மற்றவர்கள் பிடித்த மீனைப் பாடம் செய்து சுவரில் மாட்டக் கொடுப்பது அவள் தொழில். காலையிலிருந்து ஒரு டிரவுட் மீனுக்கு மூன்றாவது முறையாக வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் வெள்ளியாக இருந்ததே என்று பிடித்தவர் திருப்பி அனுப்பியிருந்தார். இருந்திருக்கும். செத்த கொஞ்ச நேரத்திலேயே மீனின் நிறம் போய்விடுகிறது. உரித்த தோலை நுரைக்கட்டையில் செதுக்கிய உடல்மேல் போர்த்திக் காயவிட்டால் பழைய அட்டைப்பெட்டி நிறத்துக்கு வந்து நிற்கும். அதற்கப்புறம் சுவரில் மினுங்குவதெல்லாம் அவள் கைச்சாயம். சால்மன் என்றால் தலைகூட அசல் இல்லை. காய்ந்தால் சுருங்கிக் கோணிப்போகும் என்று அச்சில் வார்த்த தலையைத்தான் பொருத்துவாள். கண் கண்ணாடி. மணிக்கட்டு வலி மட்டும் அசல்.

"மேஜையில வை. யாரோடது?"

"வெஸ்டர்டால். கோத்தன்பர்க்ல கப்பல் கம்பெனி வச்சிருக்கான்ல, அந்த ஆளு. ஆபீஸ்ல மாட்டணுமாம். நேத்து என் படகுல வாடகைக்கு வந்து பிடிச்சது. பன் சாப்பிடு மொதல்ல."

"கை சாயமா இருக்கு."

துண்டை அவளே பிரித்தாள். நல்ல மீன். ஏப்ரல் மாதத்து ஏரிக்குளிரில் கொழுத்த, தோள் அகன்ற சால்மன். நெற்றியில் அடிபட்ட இடம் லேசாக நசுங்கியிருந்தது. அளவெடுப்பதற்கு முன் எப்போதும் செய்வதுபோலத் தலையிலிருந்து வால்வரை உள்ளங்கையால் ஒருமுறை நீவினாள். வாலை நெருங்குகிற இடத்தில் கை நின்றது.

அங்கே, முதுகின் கடைசியில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சின்னத் துடுப்பு இருந்தது. எலும்பில்லாத, காதுமடல் மாதிரி மெத்தென்ற துடுப்பு.

இந்த வேனர்ன் ஏரியில் அந்தத் துடுப்பு இருக்கிற சால்மன் ஆற்றில் தானாகப் பிறந்தது. அதைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும். செத்துப்போனாலும் ஏரியிலேயே போட வேண்டும். பண்ணையில் வளர்த்து விடுகிற மீன்களுக்கு அந்தத் துடுப்பைக் குஞ்சிலேயே வெட்டிவிடுகிறார்கள். முதுகு மொழுமொழுவென்று இருந்தால்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துறைமுகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ரோலண்ட்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஆற்று சால்மனைக் காப்பாற்றும் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். மீனை அடிக்கக் கட்டையை ஓங்குவதற்கு முன் முதுகைத் தொட்டுப் பார் என்று ஒவ்வொரு வசந்தத்திலும் உள்ளூர்ப் பத்திரிகையில் அவன் படத்தோடு வரும்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொட்டுப் பாக்கலையா?"

"அலைன்னா அப்படி ஒரு அலை. கைவலை முறுக்கிக்கிச்சு. அந்த ஆளு பின்னாடி நின்னுக்கிட்டு அடி அடின்னு கத்தறான். மீன் வலைக்குள்ள கவுந்து கெடக்கு. அடிச்சிட்டேன். கொக்கியக் கழட்டறப்பதான் பாத்தேன்."

"அப்பவே ஏரியில போட்டிருக்கலாம்ல?"

"எப்படிப் போட? அதுக்குள்ள அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறான். குழந்தையத் தூக்கின மாதிரி." ரோலண்ட் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "அவனுக்குத் துடுப்பும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. போட்டோல அவன் கை மறைச்சிருக்கு. ஆனா ஆபீஸ்ல மாட்டினா நாலு பேரு வருவான். அதுல ஒருத்தன் மீன் பிடிக்கறவனா இருப்பான். யாரு படகுல பிடிச்சதுன்னு கேப்பான்."

"ம்."

"அவ்வளவுதான். சங்கமும் போச்சு, படகும் போச்சு. எவன் வருவான் எங்கிட்ட?"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கேட்கப் போவது என்ன என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அது தெரிந்ததும் ஒரு விதமான தூக்கம் உடம்பில் பரவியது. சின்ன வயதில் சர்ச்சில் பிரசங்கம் ஆரம்பிக்கும்போது வருகிற தூக்கம்.

"வெட்டிடு இங்கேலா. வெட்டி, கொஞ்சம் பூசி, ஆறின தழும்பு மாதிரி சாயம் அடிச்சிடு. உனக்கு அஞ்சு நிமிஷ வேலை. நீ அடிச்சா கடவுளுக்கே தெரியாது."

அது உண்மை. துடுப்பு வெட்டிய மீன்களை அவள் எத்தனையோ செய்திருக்கிறாள். அந்த இடத்தில் செதில்கள் எப்படிக் கொஞ்சம் ஒழுங்கு தப்பி வளரும், வெளிச்சம் எப்படி அதில் வழுக்கும் என்பது அவள் விரலுக்குத் தெரியும்.

"வேணாம்டா."

"என்ன வேணாம்? பண்ணையில இருந்தப்ப ஆயிரக்கணக்குல வெட்டினவ நீ. உயிரோட இருந்ததுங்களையே வெட்டினே. இது செத்தது. இதுக்கு வலிக்கப் போகுதா?"

அவனுக்கு எப்போதும் குத்த வேண்டிய இடம் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குளிர்காலம் அவள் ஆற்றங்கரைப் பண்ணையில் வேலை பார்த்தாள். ஈயத் தொட்டியைச் சுற்றிப் பெண்கள். மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விரல்நீளக் குஞ்சுகள் மல்லாந்து மிதக்கும். ஒன்றை எடுத்து, கத்தரியால் ஒரு நறுக்கு, அடுத்த தொட்டியில் போடுவாள். வானொலி பாடிக்கொண்டிருக்கும். ராத்திரி கண்ணை மூடினால் கட்டைவிரல் தானாக அசையும். அப்போது பாவமாக இருந்ததா? இல்லை. இதை நாம்தான் வளர்த்தோம், நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று மீனின் முதுகில் எழுதுவது மாதிரி அது. எடுப்பதற்கு முன்னால் எழுதியது.

இப்போது எடுத்துவிட்டு எழுதச் சொல்கிறான்.

அதுதான் காரணமா? அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். அவ்வளவு நல்லவளாகத் தன்னை நம்ப முடியவில்லை. மீனுக்காகத் தன் மனசு இப்படிக் கனப்பதில்லை. அவன் மனைவி மௌட் அவனை விட்டுப் போனபோது பிள்ளைகளிடம் அப்பாவுக்குப் படகு வேலை, அதனால்தான் வரவில்லை என்று வாராவாரம் சொன்னது அவள்தான். அவன் குடித்துவிட்டுக் கிடந்த நாட்களில் வாடிக்கையாளர்களுக்கு போன் செய்து அவனுக்குக் காய்ச்சல் என்றது அவள்தான். எதுவும் பெரிய பொய் இல்லை. அவன் சொல்லிவிட்டு மறந்துவிடுவான். யாரிடம் என்ன சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு நடமாடியவள் அவள். இந்த மறுப்பு நேர்மையா, பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்வதா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாவிட்டாலும் அது உள்ளே அசையாமல் நின்றது.

"கத்தியக் குடு. நானே வெட்டறேன்," என்றான்.

மேஜையில் கிடந்த சின்னக் கத்தியைக் காட்டினாள். அவன் எடுத்தான். இடது கையின் இரண்டு விரலால் துடுப்பைப் பிடித்தான், பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே பிடி. கத்தி பக்கத்தில் வந்தது. வெகுநேரம் அப்படியே குனிந்து நின்றான். அவன் காதுமடல் சிவந்துகொண்டே போனது. பிறகு கத்தியை இருந்த இடத்திலேயே வைத்தான்.

"நான் வெட்டினா ஆடு மேஞ்ச மாதிரி இருக்கும்," என்றான்.

"இருக்கும்."

"சிரிக்காதே."

"சிரிக்கல."

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். வெளியே ஏரி சாம்பல் நிறத்தில் கரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவன் திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது. இந்தக் குரலுக்குத்தான் அவள் எப்போதும் இணங்கியிருக்கிறாள்.

"சரி. வெட்ட வேணாம். மீனே வேணாம். தோல் அழுகிடுச்சுன்னு அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. பெட்டி கெட்டுப்போச்சு, ஐஸ் உருகிடுச்சு, ஏதாவது. நீ சொன்னா நம்புவான். நான் இதைக் கொண்டுபோய் ஏரியில போட்டுடறேன். சட்டப்படிதானே அதுவும்?"

நன்றாகத்தான் இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை. மீன் போக வேண்டிய இடத்துக்குப் போகும். அந்த மனிதர் கொஞ்சம் வருத்தப்படுவார். ரோலண்ட் அடுத்த வாரம் துறைமுகத்தில் பிள்ளைகளுக்கு முதுகைத் தொட்டுக் காட்டுவான். அவள் ஒரு போன் பேசினால் போதும். வார்த்தைகள்கூட வரிசையாக நாக்கில் வந்து நின்றுவிட்டன: மன்னிக்கணும் வெஸ்டர்டால், குளிர்பெட்டி பழசு, தப்பு என்னோடது.

என்னோடது. அந்த வார்த்தை எவ்வளவு பழக்கமாக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சொல்றியா?" என்றான்.

அவள் எழுந்து மீனைத் துண்டில் சுற்றினாள். துடுப்பு மடங்காமல் பார்த்துச் சுற்றினாள். மேஜையின் தன் பக்கத்திலிருந்து அவன் பக்கத்துக்கு மெல்லத் தள்ளினாள்.

"மாட்டேன் ரோலண்ட்."

"வெட்டறதயா, சொல்றதயா?"

"ரெண்டையும்."

"அப்ப அந்த ஆளுகிட்ட என்னதான் சொல்றது? நீயே சொல்லு. என்ன பண்ணட்டும் நான்?"

அவளிடம் பதில் இருந்தது. எப்போதும் இருப்பதுபோலவே இருந்தது, தயாராக, நியாயமாக. இந்தத் தடவை அதை அவனே கண்டுபிடிக்கட்டும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, தூரிகையை எடுத்து, திருப்பி அனுப்பியவருடைய டிரவுட்டின் வயிற்றில் வெள்ளியைத் தடவ ஆரம்பித்தாள்.