சூடு எங்கே போகிறது

ஆள் எடுப்பதும் பெரிய மார்க்கெட்டில் வெண்டைக்காய் எடுப்பதும் ஒன்றுதான் என்று நினைத்தவர் கலியமூர்த்தி. நுனியை ஒடித்துப் பார், பட்டென்று ஒடிந்தால் கூடையில் போடு. தை மாசம் தன் ஐஸ் பேக்டரிக்கு மெக்கானிக் தேடியபோது வடிவேல் அப்படித்தான் பட்டென்று ஒடிந்தான்.

"மெட்ராஸ்ல இதே மிசினுதான் மொதலாளி. எந்த வால்வு எத்தினி சுத்துன்னு கண்ணைக் கட்டிவுட்டாலும் சொல்லுவேன்."

அதே வேலைக்கு வந்த அருளானந்தம் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கோட்டு வேறு; ஐயா என்பதற்கு முசே என்பார். மிசினைச் சுற்றி வந்துவிட்டு, "இதை நான் ஓட்டினதில்ல முசே. ஒண்ணு மட்டும் கேக்குறேன். தண்ணியில இருக்குற சூட்டை உருவி எடுத்தாத்தான் ஐஸ். உருவின சூட்டை எங்க கொண்டுபோய்க் கொட்றீங்க?" என்றார்.

"நான் விக்கிறது ஐஸுய்யா. நீரு சூட்டுக்குக் கணக்குக் கேக்குறீரே!"

கூலியாட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அருளானந்தம் நெய்வேலிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

இப்போது சித்திரை வெயில். கலியமூர்த்தியின் அக்காள் அஞ்சலாட்சி நேற்று விடிகாலையில் போய்ச் சேர்ந்தாள். சைகோனுக்குப் போன அவளுடைய ஒரே மகன் கொழும்பில் இறங்கிவிட்டதாகத் தந்தி வந்திருந்தது. நாளை மத்தியான ரயிலுக்கு வந்துவிடுவான். "எம் புள்ளை மொகத்துல முழிச்சிட்டுத்தான்டா போவேன்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவளிடம், "நான் ஐஸ்காரன், நீ கவலைப்படாத. அவன் வர்ற வரைக்கும் உன்னை வெச்சிருப்பேன்" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

அக்காளைச் சுற்றி அடுக்க இருந்த ஐஸ் இன்று காலையோடு தீர்ந்தது. மிசின் ஓடியது. தகர டப்பாக்களில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. கடலூருக்கு லாரி அனுப்பினார். அங்கிருந்ததெல்லாம் மீனுக்குப் போய்விட்டதாம். வடிவேல் ஒரு வால்வைத் திருகினான், இன்னொன்றைத் திருகினான், மறுபடி முதலிலிருந்து திருகினான்.

"மெட்ராஸ்ல இப்பிடி ஆனதே இல்ல மொதலாளி."

"இது மெட்ராஸ் இல்லடா! ஏன் உறையலைன்னு சொல்லு!"

"ஏன்னு எனக்கெப்பிடித் தெரியும்? எத்தினி சுத்துன்னு கேளுங்க, சொல்றேன்."

கலியமூர்த்திக்குக் குழாயில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் கோட்டுக்காரரின் கேள்வி, பழைய பாக்கியைக் கேட்க வந்தவன் போல வாசலில் வந்து நின்றது. சூட்டை எங்க கொட்றீங்க?

குழாய் போன வழியே போனார். மிசினிலிருந்து வந்த குழாய்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. ஊற்றிய தண்ணீர் பக்கத்துத் தொட்டியில் விழுந்தது. தொட்டியில் கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். குளிக்க முடியாத வெந்நீர்.

முன்பெல்லாம் அது கிணற்றுத் தண்ணீர். குழாய்மேல் ஊற்றிச் சாக்கடைக்கு ஓடும். "நல்ல தண்ணியை ஏன்டா தெருவுக்கு வுடுற? தொட்டிக்கே திருப்பு, அதையே சுத்தி ஊத்து. மோட்டார் கரண்டும் மிச்சம்" என்று முந்தாநாள் சொன்னவர் அவரே. வடிவேல் மறுபேச்சில்லாமல் திருப்பினான். சாக்கடைக்குப் போனது தண்ணீர் மட்டுமில்லை என்பது இருவருக்குமே தெரியவில்லை.

"தொட்டியைத் தெறந்து வுடு! கெணத்து மோட்டாரைப் போடு!"

வெந்நீர் தெருவில் ஆவி பறக்க ஓடியது. சாயங்காலம் டப்பாக்களை ஒட்டிய குழாயில் உப்புப் பூத்தாற்போல வெள்ளையாக உறைபனி படர்ந்தது.

"கட்டி எப்போடா ஆவும்?"

"நாளைக்கு மத்தியானம் மொதலாளி."

ரயிலும் அப்போதுதான்.

அக்காளின் கொழுந்தன் காத்தவராயன் வீட்டில் மூக்கைப் பொத்திய துண்டோடு பேக்டரி வாசலில் வந்து நின்றான். "மச்சான், இனிமே உடம்பு தாங்காது. பாடை கட்டியாச்சு. எம் பையனே கொள்ளி வெச்சிடட்டும்."

கலியமூர்த்தி குழாய்ப் பக்கம் திரும்பினார். குழாயில் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டினார். விரல் தோல் உரிந்தது. ஒரு பிடி தேறியது. மேல்துண்டில் முடிந்துகொண்டு ஓடினார்.

வீட்டில் முடிச்சை அவிழ்த்தபோது துண்டு வெறும் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தை அக்காளின் நெற்றியில் போட்டுவிட்டு, பாடையின் முன்கொம்புக்குத் தோள் கொடுத்தார்.