ஓடியவனின் கை

அந்த இலையுதிர் காலம் முழுவதும் ஓட்டிஸின் முடிதிருத்தும் கடையில் ஒரே வழக்குத்தான் நடந்தது: குவார்ட்டர்பேக்குக்குக் கை பெரிதா, கால் பெரிதா?

கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கான ட்ராவிஸ் ஹோல்கம், சென்ற ஆண்டுவரை நின்ற இடத்தினின்றே பந்தை நெடுந்தொலைவு எறிபவனாக இருந்தான். முன்னே ஓடிச்சென்று அதைப் பிடிப்பவன் அவனுடைய பால்ய நண்பன் லவெல் பிக்கெட். இவ்வாண்டோ ட்ராவிஸ் பந்தை இடுக்கிக்கொண்டு தானே ஓடினான். எதிரணியினர் தடுமாறினர், ஊர் அவன் கால்களைக் கொண்டாடிற்று.

"நின்னு எறியிறவன் தபால்பெட்டி மாதிரிய்யா. வர்றவன் போறவன்லாம் மோதிட்டுப் போவான். கால்தான் ஆட்டம்," என்றார் ஓட்டிஸ், லவெலின் பிடரியில் கத்தியை இழுத்தபடி. "ஏன் லவெல், உனக்கு இந்த வருஷம் கை அழுக்கே ஆகலையாமே?"

கடை சிரித்தது, லவெலும் சிரித்துவைத்தான். அது அவனுக்குக் கல்லூரியில் இறுதியாண்டு. தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடுவோர் கடைசி ஆட்டத்தைக் காண வரவிருந்தனர். பந்தே வந்து சேராதவனிடத்தில் அவர்கள் எதைக் காண்பார்கள்?

ஞாயிறன்று தேவாலயம் முடிந்ததும், வழக்கம்போல, ஊரார் மிஸ் எர்லீன் என்றழைக்கும் ட்ராவிஸின் தாயார் வீட்டில் லவெல் உண்ண அமர்ந்தான். ஏன் தனக்கு எறிவதில்லை என்று இன்று ட்ராவிஸிடம் கேட்டே தீர்வது என்னும் முடிவோடுதான் வந்திருந்தான். அவர் பொரித்த மீனை வைத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பினார். ட்ராவிஸ் தேநீர்க் குடுவையை இடக்கையால் தூக்கி ஊற்றினான். வலக்கையோ, வேறொருவர் மறந்துவிட்டுச் சென்ற பொருள்போல் அவன் மடியிற் கிடந்தது.

லவெல் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "எப்பலேருந்துடா?"

"ஆகஸ்ட்லேருந்து. தோள்பட்டை. கிட்டத்துல எறிஞ்சா போகுது. அதுக்கு மேல போகல."

"டாக்டர்கிட்ட போகலையா?"

"போனா கோச்சுக்குத் தெரியும். தெரிஞ்சா அந்தப் புதுப் பையனை இறக்கிடுவாரு." ட்ராவிஸ் தட்டைப் பார்த்தபடியே தொடர்ந்தான். "அவன் நல்லா எறியிறான்டா. உனக்குப் பந்து வரும். சொல்லணும்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

லவெல் மீன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினான். பிறகு, "மீன் ஆறுது, சாப்பிடு," என்றான்.

அன்று மாலை, முந்தைய நாளின் ஆட்டத்தைப் படமாகக் காண அணி கூடியது. திரையில் ட்ராவிஸ் ஓடிக்கொண்டிருந்தான்; தொலைவில் லவெல் தன்னந்தனியாக நின்றிருந்தான். கோச் ரட்லெட்ஜ் படத்தை நிறுத்தினார். பக்கத்தில் ஒருத்தனும் இல்லாமல் நிற்பவனுக்கு ஏன் எறியவில்லை என்று ட்ராவிஸிடம் வினவினார். 

"தப்பு என்னுதுதான் கோச்," என்றான் லவெல். "உள்பக்கம் திரும்பியிருக்கணும். மறந்து வெளிய போயிட்டேன். அவன் தேடின எடத்துல நான் இல்ல."

கடைசி ஆண்டிலும் தான் ஓடவேண்டிய பாதை தெரியாதவன் கடைசி ஆட்டத்தைப் பெஞ்சிலிருந்து பார்க்கட்டும் என்று கோச் தீர்ப்பளித்தார். ட்ராவிஸ் எழுவான்போல் அசைந்தான். லவெல் அவன் முழங்காலை அழுத்தி அமர்த்தினான்.

சனிக்கிழமை, கடைசி ஆட்டத்துக்குமுன், வழக்கப்படி, விடைபெறும் மாணவர்கள் தத்தம் அன்னையரோடு திடலின் நடுவரை நடந்தனர். லவெலின் தாய் புதுத் தொப்பி அணிந்து, மலர்க்கொத்தை உயர்த்திப் பிடித்து வந்தாள். ஆட்டம் தொடங்கி மகன் பெஞ்சில் அமரக் கண்டபின், அம்மலர்கள் அவள் மடிக்குத் தாழ்ந்தன.

அணி சற்றே பின்தங்கியிருக்கையில், கடைசித் தருணத்தில் பந்து பிடிக்கும் மற்றொருவன் நொண்டிக்கொண்டு வெளியேறினான். வேறு ஆளின்மையால் லவெல் உள்ளே சென்றான். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து, பந்தைப் பிடித்தாலே வெற்றி என்னும் இடத்தில் திரும்பினான். அவனருகே எவருமில்லை. ட்ராவிஸின் முன்னேயும் வழி திறந்து கிடந்தது. ஓடியிருந்தால் வெற்றி.

ட்ராவிஸ் நின்றான். லவெலைக் கண்டான். எறிந்தான்.

பந்து பாதி வானில் தளர்ந்து, லவெல் பாய்ந்தும் எட்டாத தொலைவில் புல்லில் விழுந்தது. ட்ராவிஸ் தோளைப் பற்றியபடி மண்டியிட்டான். ஓடியிருக்கலாமே என்று அரங்கம் முழுவதும் அவனை ஏசிற்று.

"கால் வழுக்கிடுச்சு கோச். நான்தான் லேட்டு," என்றான் லவெல்.

கோச் குனிந்து புல்லைத் தடவினார். அது காய்ந்திருந்தது.

மறுநாள் மாலை அவர் படத்தை ஓட்டினார். பந்து ட்ராவிஸின் கையைவிட்டு நீங்கிய கணத்தில் நிறுத்தினார். திரையின் கோடியில் லவெல் இரு கைகளையும் உயர்த்தி நின்றிருந்தான்.

"போன வாரப் படத்தையும் மறுபடி பாத்தேன்டா," என்றார் லவெலிடம், தாழ்ந்த குரலில். "நீ சரியான எடத்துலதான் நின்னிருக்கே. ஆள் தேடி வந்தவங்கள்லாம் நேத்தே ஊருக்குப் போயிட்டாங்க."

லவெல் தலையசைத்தான்.

வெளியே குளிர். வலக்கை துணித் தூளியில் தொங்க, ட்ராவிஸ் இடக்கையால் மேலங்கியின் பொத்தான்களோடு போராடினான். லவெல் அக்கையை விலக்கிவிட்டுக் கழுத்துவரை எல்லாவற்றையும் தானே போட்டுவிட்டான்.