நாற்பத்தைந்து

2001-இல் செங்கல்பட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்குக் கத்தரிக்கோல் வேலை. ரத்த அணு இரண்டாகப் பிரியப்போகும் நேரத்தில் அதை அப்படியே நிறுத்திப் படம் எடுப்போம். படத்திலுள்ள குரோமோசோம்களை வெட்டி, ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டுவேன். இருபத்துமூன்று ஜோடி, நாற்பத்தாறு துண்டு. தும்மினால் போச்சு.

ஒருநாள் ரத்தம் வந்த கண்ணாடிக் குழாயின் சீட்டில் 'சியாமளா, க/பெ கோபாலகிருஷ்ணன், அணுபுரம்' என்றிருந்தது. மூன்று முறை கரு கலைந்தவள். எனக்கும் மூன்று. அதே கோபாலகிருஷ்ணன்தான் எட்டு வருஷத்துக்கு முன் என்னை அச்சரப்பாக்கத்திலுள்ள பிறந்த வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டு, விவாகரத்து வாங்கியவர். "உன் வயிறு சரியில்ல" என்று சொல்லி அனுப்பியது அவர் அம்மா அமிர்தவல்லி.

"புருஷன் ரத்தமும் வேணும். இல்லன்னா டெஸ்ட் கிடையாது" என்று சொல்லியனுப்பினேன். என் காலத்தில் அவரை யாரும் கேட்கவில்லை. வேண்டாவெறுப்பாக வந்து கொடுத்துவிட்டுப் போனாராம்.

சியாமளாவுக்கு எல்லாம் சரி. அடுத்து கோபாலகிருஷ்ணன் படத்தை வெட்டினேன். நாற்பத்தைந்துதான் இருந்தது. ஒன்று பறந்துவிட்டதோ என்று மேசைக்கடியில் தவழ்ந்து தேடினேன். பிறகு எண்ணிப் பார்த்த இருபது அணுக்களிலும் நாற்பத்தைந்தே. பதினாலாம் ஜோடியில் ஒன்றும் இருபத்தொன்றாம் ஜோடியில் ஒன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே துண்டாகியிருந்தன. அதனால் அவருக்கு ஒரு குறையுமில்லை. பிள்ளைக்குப் பங்கு பிரியும்போதுதான் கூடும், குறையும். கரு தங்காமல் போகும். வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். விளக்கிச் சொல்லும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூவரும் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் கோபாலகிருஷ்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அமிர்தவல்லிதான் முதலில் சுதாரித்தாள்.

"நீயா. சரி, இன்னா வந்துகீது? இவ வயித்துலயும் கோளாறுதானே?"

அட்டையை சியாமளாவின் கையில் கொடுத்தேன். "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. கோளாறு இவர்கிட்ட. எனக்குக் கலைஞ்சதும் இதனாலதான் இருக்கும்."

சியாமளா மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்புள்ளைக்கு எங்கேர்ந்து வந்துச்சாம்?" என்றாள் அமிர்தவல்லி.

அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மகன் பிறப்பதற்கு முன் தனக்கும் நாலு கலைந்ததை, ஒரு தீபாவளிக்கு முறுக்கு பிழிந்தபடி அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவனுக்குத் தெரியக் கூடாது என்றும் சொன்னாள்.

"பெரும்பாலும் பெத்தவங்ககிட்டேர்ந்து வரும். மாமா இப்போ இல்ல. இவருக்கு முன்னாடி உங்களுக்கு நாலு கலைஞ்சுதே அத்தை, அதை இவர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?"

கோபாலகிருஷ்ணன் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

புது ஊசியின் உறையைப் பிரித்தேன்.

"கையை நீட்டுங்க அத்தை."