வளர்ந்து முடிந்த மீன்கள்

செஞ்சிக் கடைவீதியில் வீட்டு முன்கட்டிலேயே கயிறும் வாளியும் விற்றுவந்த பூவராகவன், சரக்கு வாங்கப் பட்டணம் போன இடத்தில், மூர் மார்க்கெட்டில் ஒரு கண்ணாடித் தொட்டியின் முன்னால் மெய்மறந்து நின்றுவிட்டார். உள்ளே விரல் கணு நீளத்துக்கு மீன்கள். வால் மட்டும் மயில் கழுத்து நிறத்திலும் செம்பருத்தி நிறத்திலும் விசிறியாக விரிந்திருந்தது. 'கப்பி' என்றான் கடைக்காரன். நல்ல வாலாகப் பார்த்துப் பொறுக்கி, வாயகன்ற பாட்டிலில் விட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

"குஞ்சே இவ்ளோ அழகுன்னா, வளந்தா எப்டி இருக்கும் ஜெயம்!" என்றார் மனைவியிடம்.

"இது இன்னாத்த வளரப் போவுது?" என்றாள் ஜெயம்.

மத்தியானம் கடையில் கண்ணயரும்போதெல்லாம் அந்த மீன்கள் அவருக்குள் வளர்ந்தன. விரால் அளவு ஆயின. சக்கரக்குளத்துப் படியெல்லாம் ஜனம் நிற்க, வாலைப் பட்டுப்புடவை போல இழுத்துக்கொண்டு, தண்ணீரில் விழுந்த ராஜகிரிக் கோட்டையின் நிழலுக்குள் மெதுவாக நுழைந்து வெளியே வந்தன.

இடம் போதாமல்தான் வளரவில்லை என்று கொல்லையில் சிமென்ட் தொட்டி கட்டினார். கொசுப்புழு பிடித்துப் போட்டார். தைப் பனிக்குச் சாக்கு போர்த்தினார். மழை வந்தது, வெயில் வந்தது, இன்னொரு மழையும் வந்து போனது. மீன்கள் மட்டும் அப்படியே இருந்தன.

ஒருநாள் சிவப்பு மீனின் முதுகு கூனியிருந்தது. நிறம் மங்கி அடியிலேயே கிடந்தது. மருந்து கேட்கப் பட்டணத்துக்கு பஸ் ஏறினார்.

"கெயவனாயிட்டான் சார்," என்றான் கடைக்காரன். "ரெண்டு வருசம் இருந்தா அதுவே பெருசு."

"கிழவனா? இன்னும் வளரவேயில்லியே!"

"நீ வாங்கசொல்லவே வளந்து முடிஞ்சிடுச்சு. கலர் வந்துட்டா அவ்ளோதான் சைஸு. அத்தோட, நீ பொறுக்குனது பூரா ஆம்பள மீனு."

திரும்பும் பஸ்ஸில்தான் அவருக்கு உறைத்தது. அதுகள் தங்கள் முழு வாலிபத்தையும் அவர் கண்ணெதிரே நீந்திக் காட்டியிருக்கின்றன. அவரோ வராத மீன்களுக்காகக் காத்திருந்தார்.

அவர் கொண்டுவந்த பாட்டிலைப் பார்த்து ஜெயம் முகம் சுளித்தாள். "இன்னாங்க இது, சாம்பலாட்டம்?"

"பொம்பள மீனு. இதுதான் பெருசு."

ஜெயம் சிரித்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் அவர் படுக்கவில்லை. தொட்டியோரம் குந்தினார். ஜெயமும் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தொட்டியிலே வானம் கிடந்தது. சாம்பல் மீன் அருகே வந்ததும், கூனல் கிழவன் மெல்ல எழும்பி, மங்கிப்போன வாலை ஒருமுறை முழுக்க விரித்தான். வெயில் அதில் ஊடுருவிற்று. கணு நீளம்தான், ஆனால் குறையொன்றும் தெரியவில்லை. பூவராகவன் மூச்சுவிடாமல் பார்த்தார்.

அந்த வாரமே கிழவன் செத்து மிதந்தான். வாழையடியில் புதைத்தார்.

கொஞ்ச நாளில், "ஏங்க, ஓடியாங்க!" என்று ஜெயம் கூவினாள். இமைமுடியில் கண் வைத்தாற்போல் குஞ்சுகள். தாயே அவற்றைத் துரத்தித் தின்றுகொண்டிருந்தது. இருவரும் முழங்கை நனைய டம்ளரில் குஞ்சுகளை மொண்டு அண்டாவில் விட்டார்கள். வாசலில் யாரோ வாளி கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருவர் காதிலும் விழவில்லை.